ஞாயித்துக்கிழமை நோட்டு

பர்மாவுல மோல்மேன் ஊர்ல இருக்க தங்கச்சி மகன் போன வாரம் போன் பண்ணி, மாமா நீங்க ஞாயித்துக்கிழமை ஆனா நோட்டத் தூக்கிட்டு வார வேலைய எழுத உக்காந்துருவீங்கன்னு அம்மா சொல்றாங்க, நானும் ஆரம்பிக்கிறேன் ஆனா ரெண்டு வாரத்துக்கு மேல நிக்க மாட்டேங்குது, எப்படி பண்றீங்கன்னு கேட்டான். போன்ல சொன்னா பாதி விட்டுப்போயிரும், அதனால இங்க எழுதுறேன், வேற யாருக்காச்சும் உதவினாலும் சந்தோஷம்.

எனக்கு ரங்கூன்ல பருப்பு ஏற்றுமதி ஆபீஸ்ல வேலை. பயின்நவுன் மார்க்கெட்ல உளுந்து, துவரை வாங்குவாங்க, அது கண்டெய்னர்ல ஏறி சென்னைக்கும் தூத்துக்குடிக்கும் போற வரைக்கும் உள்ள பேப்பர் எல்லாம் என் கைல. இந்தியா நேரத்துக்கு நாங்க ஒரு மணி நேரம் முன்னாடி, அதனால இங்க கடைய சாத்துற நேரத்துல அங்கேர்ந்து போன் வரும், அண்ணே அது அனுப்புங்க, இது என்னாச்சுன்னு. நானும் வாய் நெறைய "அனுப்பிடுறேண்ணே"ன்னு சொல்லிட்டு வெச்சிருவேன்.

ஒரு மார்ச் மாசம், புது உளுந்து வந்து இறங்குற சீசன், மூச்சு விட நேரமில்லாத நேரம். சரக்குல பூச்சி சாக புகை போட்டு அதுக்கு சர்டிபிகேட் வாங்கணும், சரக்குல பூச்சி நோய் இல்லன்னு அரசாங்கம் குடுக்குற பைட்டோசானிட்டரி சர்டிபிகேட்டும் வேணும், இது ரெண்டும் இல்லாம இந்தியாவுல எறக்க முடியாது. அந்தப் புகை போடுறவங்களுக்கு நான் தேதி சொல்லணும், சொல்லல. மனசுலயே இருந்துச்சு, நாளைக்கு நாளைக்குன்னு, கடைசில கப்பலுக்கு சரக்கு குடுக்க வேண்டிய நேரம் தாண்டிப் போச்சு, அடுத்த கப்பல் வரைக்கும் கண்டெய்னர் கெடந்துச்சு. முதலாளி ஒரு வார்த்தை திட்டல. அன்னைக்கு ராத்திரி எனக்கு தூக்கமே வரல.

அதுக்கப்பறம்தான் வாரா வாரம் உக்காரணும்னு முடிவு பண்ணேன். மொதல்ல போன்ல ஒரு ஆப் போட்டு பாத்தேன். எங்க ஏரியால அப்ப கரண்ட் நாலு மணி நேரம் இருந்தா எட்டு மணி நேரம் இருக்காது, போன் சார்ஜ காப்பாத்துறதே பெரிய பாடு. ஆனா ஆப்ப விட்டதுக்கு நெஜமான காரணம் அது இல்ல. முடியாத வேலைய வெரலால ஒரு தட்டு தட்டுனா அடுத்த வாரத்துக்கு ஓடிருது, வலிக்கவே இல்ல, நானும் தட்டிக்கிட்டே இருந்தேன். நோட்டுல அப்படி முடியாது, போன வாரம் செய்யாதத இந்த வாரம் மறுபடி கையால எழுதணும், மூணாவது தடவை எழுதும்போது கை தானா தயங்குது.

எங்க தாத்தா முகல் தெருவுல ஒரு செட்டியார் கிட்டங்கில கணக்குப்பிள்ளையா இருந்தவரு. 1942ல ஜப்பான்காரன் வந்தப்ப எவ்வளவோ பேர் கப்பல்லயும் கால்நடையாவும் ஊருக்குப் போனாங்க, இவரு போகல. கணக்கு நேராகாம விளக்க அணைக்க மாட்டாராம், காலணா இடிச்சாலும் மொதல்லேர்ந்து கூட்டுவாராம். அவரு யாருக்கு என்ன குடுக்கணும், யார்கிட்டேர்ந்து என்ன வரணும்னு ரெண்டா பிரிச்சு வெச்சிருந்த மாதிரிதான் நானும் நோட்ட பிரிச்சேன். இடது பக்கம் நான் குடுக்க வேண்டியது, வலது பக்கம் எனக்கு வர வேண்டியது. பணம் இல்ல, வாக்கு. "அனுப்பிடுறேண்ணே"ன்னு சொன்னது ஒவ்வொண்ணும் கடன்தானே.

மறந்துபோன வாக்க எப்படி கண்டுபிடிக்கிறதுன்னு கேப்ப. போன்ல போன வாரம் வந்த கால் வரிசைய திங்கள்லேர்ந்து ஒவ்வொரு பேரா பாப்பேன், வைபர்லயும் அதே மாதிரி, அப்புறம் சட்டைப்பையில பேக்ல கெடக்குற பில்லு துண்டுச் சீட்டு எல்லாம் கொட்டிருவேன். பேரப் பாத்ததும் அந்தாளுகிட்ட என்ன சொன்னோம்னு ஞாபகம் வந்துரும், வந்ததும் இடது பக்கத்துல ஒரு வரி. இதுக்கே அரை மணி நேரம் போகும், இதத்தான் எல்லாரும் தாண்டிட்டு நேரா அடுத்த வாரத்துக்கு பிளான் போட ஓடுறாங்க, நீயும் அதத்தான் பண்ணியிருப்ப. பழைய பாக்கிய பாக்காம போட்ட பிளான் செவ்வாய்க்கிழமையே ஒடஞ்சிரும்ப்பா, பழைய பாக்கி வந்து கதவத் தட்டும்ல.

நோட்டுல ஆறு வாரமா "அம்மா கண்ணு"ன்னு ஒரு வரி வந்துக்கிட்டே இருந்துச்சு. அம்மாவுக்கு பார்வை மங்குது, டாக்டர்கிட்ட கூட்டிப்போகணும். ஒரு ஞாயித்துக்கிழமை ஏழாவது தடவை எழுதப் போனேன், "அம்"னு எழுதினதோட பேனா நின்னுருச்சு. பெத்த தாய்க்கு செய்ய எனக்கு மனசில்லையா, பணமில்லையா, ரெண்டும் இருக்கே, அப்ப எது தடுக்குதுன்னு அப்படியே உக்காந்து யோசிச்சேன். படிக்கட்டு. நாங்க இருக்கறது அஞ்சாவது மாடி, லிப்ட் கெடையாது, செங்குத்தான குறுகல் படி, அம்மாவுக்கு மூட்டுவலி. அவங்கள எறக்குறத நெனச்சுதான் நான் ஒவ்வொரு வாரமும் தள்ளிக்கிட்டு இருந்திருக்கேன், அது எனக்கே தெரியல. அந்த வரிய அடிச்சிட்டு "மச்சானுக்கு போன், வியாழன் காலைல 8 மணிக்கு ரெண்டு ஆள், பிளாஸ்டிக் சேர்"னு எழுதினேன். வியாழக்கிழமை அம்மாவ சேர்ல உக்கார வெச்சு மாடிக்கு மாடி நின்னு நின்னு எறக்கிட்டோம், பத்து நிமிஷம் ஆகல. கண்புரைதான், ஆபரேஷன் ஆயிருச்சு, இப்ப அவங்களே பூ கட்டுறாங்க.

அன்னைலேர்ந்து மூணு வாரம் எழுதின வரிய நாலாவது வாரம் அப்படியே எழுத மாட்டேன். ஒண்ணு அங்கயே செய்யணும், இல்ல அடிச்சுத் தள்ளணும், இல்ல தடுக்குறது எதுன்னு பாத்து அத எழுதணும்.

அடுத்த வாரத்துக்கு எழுதுறது சீக்கிரம் முடிஞ்சிரும். ஒவ்வொரு வேலைக்கும் எத்தன மணி நேரம்னு எழுதுவேன், செஞ்சதுக்கப்பறம் நெஜமா எத்தன ஆச்சுன்னு பக்கத்துல எழுதுவேன். ரெண்டு மணி நேரம்னு போட்ட ஒரு கண்டெய்னர் பேப்பர் வேலை அஞ்சு மணி நேரம் தின்னுருக்கு. காரியத்துக்கு ஆகுற நேரத்த கொறச்சே நெனைக்கிறது மனுஷ சுபாவம்னு கானமன், ட்வெர்ஸ்கின்னு ரெண்டு அறிஞர்கள் 1979லயே எழுதியிருக்காங்க, ஆனா என் கையெழுத்துல ரெண்டு அஞ்சுன்னு பக்கத்துல பக்கத்துல பாத்ததுதான் எனக்கு ஒறச்சுது. இப்பல்லாம் வாரத்துல பாதிய காலியா விட்டுட்டுத்தான் எழுதுறேன், கரண்ட்டும் மழையும் அத நெரப்பிக்கும்.

இன்னொண்ணு இந்த ஊர்க்காரங்ககிட்டேர்ந்து எடுத்துக்கிட்டேன். பர்மாக்காரங்களுக்கு வாரத்துக்கு எட்டு நாள், புதன்கிழமைய நடுப்பகல்ல ரெண்டா பிரிச்சிருவாங்க, மதியத்துக்கு மேல ராகு. ஸ்வேடகோன் பகோடாவுல பொறந்த கிழமைக்கு ஒரு மூலை, ஒரு மிருகம்னு வெச்சு தண்ணி ஊத்துவாங்கல்ல, அதுல புதன் காலைல பொறந்தவங்களுக்கு தந்தம் உள்ள யானை, மதியத்துக்கு மேல பொறந்தவங்களுக்கு தந்தம் இல்லாத யானை. ஆபீஸ்ல கூட வேலை பாக்குற பர்மாக்கார அக்கா புதன் மதியம் பொறந்தவங்க, அவங்கதான் இதச் சொன்னாங்க. எனக்கு அது ரொம்ப பிடிச்சுப் போச்சு, அதனால புதன் 12 மணிக்கு சாப்பாட்டு கேரியர தொறக்குறதுக்கு முன்னாடி நோட்ட ஒரு அஞ்சு நிமிஷம் தொறப்பேன். கப்பல் தேதி மாறியிருந்தா, யாராச்சும் வாக்கு தவறியிருந்தா அங்கயே திருத்திருவேன், ஞாயித்துக்கிழமை வரைக்கும் அது அழுகாது.

நேரம் எப்படி கெடைக்குதுன்னா, நான் புதுசா நேரம் ஒதுக்கல. ஞாயிறு காலைல காளியம்மன் கோயிலுக்குப் போயிட்டு வரும்போது டீக்கடைல உக்கார்றது எப்பவும் உள்ள பழக்கம், அதுலயே நோட்ட சேத்துட்டேன். ஒரு டீ, ஒரு பலாட்டா (இங்கத்த பரோட்டா), மூலை மேசை, கடைப்பையனுக்கே தெரியும், நோட்டு மூடுற வரைக்கும் தட்ட எடுக்க மாட்டான். கோயிலுக்குப் போகாத வாரம் நோட்டும் எழுதுறதில்ல, உண்மையச் சொல்லணும்ல, தீபாவளி வாரம் விட்டுப்போச்சு, பர்மா புது வருஷ திஞ்ஜான் லீவுல ரெண்டு வாரம் விட்டுப்போச்சு. அடுத்த ஞாயிறு தேதி போட்டு புதுப் பக்கத்துல ஆரம்பிச்சேன், விட்ட வாரத்துக்கு எதையும் நெரப்பல.

நீ வர்ற ஞாயித்துக்கிழமை அடுத்த வாரத்துக்குன்னு ஒண்ணும் எழுதாதய்யா. 80 பக்க நோட்டு ஒண்ணு வாங்கிக்க, போன்ல போன வாரத்து பேருங்கள ஒவ்வொண்ணா பாரு, இடது பக்கம் மட்டும் எழுது. எழுதிட்டு எனக்கு போன் பண்ணு, அதுல எம் பேரும் இருக்கும், அந்த மோல்மேன் சக்கோத்தா பழம் இன்னும் வரல.