டோனர் ஒட்டவில்லையா? முதலில் செம்பைப் பாருங்கள்

வீட்டில் பிசிபி (மின்சுற்றுப் பலகை) செய்ய ஓர் எளிய வழி: சர்க்யூட் படத்தைத் தாளில் பிரின்ட் எடுத்து, அதன் டோனரை இஸ்திரிப் பெட்டியால் செம்புப் பலகைக்கு மாற்றி, டோனர் மூடாத செம்பைக் கரைத்துவிடுவது. இதைப் பாதியில் விட்டவர்கள் பெரும்பாலும் இஸ்திரிப் பெட்டியைத்தான் குறை சொல்வார்கள். ஆனால் பெட்டியைக் கையில் எடுக்கும் முன்பே காரியம் கெட்டிருக்கும். செம்பில் கைரேகை அளவு எண்ணெய்ப் பசை இருந்தாலே போதும், அந்த இடத்தில் டோனர் பிடிக்காது.

டோனர் மை அல்ல, சூட்டில் உருகும் பிளாஸ்டிக் தூள். அதனால் லேசர் பிரின்ட் அல்லது ஜெராக்ஸ் மட்டுமே ஆகும், இங்க்ஜெட் உதவாது. காப்பர் கிளாட் போர்டை (செம்புத் தகடு ஒட்டிய பலகையை) 600 நம்பர் உப்புத்தாளாலோ பாத்திரம் தேய்க்கும் பச்சை நாராலோ எல்லாத் திசையிலும் லேசாகத் தேயுங்கள். சோப்பு போட்டுக் கழுவி, காயவைத்து, அசிட்டோனால் துடையுங்கள். துணி கறுக்காமல் வரும்வரை துடைக்க வேண்டும். பிறகு ஓரத்தை மட்டுமே பிடிக்கலாம்.

7805 (5 வோல்ட் தரும் ரெகுலேட்டர் ஐசி) வைத்த சின்ன பவர் சப்ளை போர்டு தொடக்கத்துக்கு ஏற்றது. டிராக் (மின்சாரம் ஓடும் செம்புக் கோடு) 1 மி.மீ., பேட் (உதிரிபாகத்தின் காலைச் சால்டர் செய்யும் செம்பு வட்டம்) 2 மி.மீ. வையுங்கள். டிசைன் மென்பொருள் அடிப்பக்கச் செம்பை மேலிருந்து ஊடுருவிப் பார்ப்பதுபோல் காட்டும். ஆகவே பிரின்டில் மிரர் (இடவலம் திருப்புவது) வேண்டாம். தாளின் டோனர் பக்கத்தைச் செம்பின்மேல் கவிழ்த்து இஸ்திரி போடும்போது தானே திரும்பிவிடும். மிரர் போட்டுவிட்டால் 7805-இன் இன்புட்டும் அவுட்புட்டும் இடம் மாறிவிடும். அளவு 100 சதவீதம், டோனர் சேமிப்பு ஆஃப். வாரப் பத்திரிகையின் வழவழப்பான தாள் நன்றாகவே வேலை செய்யும், தண்ணீரில் ஊறினால் எளிதில் குழைந்துவிடும்.

இஸ்திரிப் பெட்டியில் தண்ணீர் கூடாது, காட்டன் சூடு. முதல் அரை நிமிடம் நகர்த்தாமல் அழுத்துங்கள். பிறகு மூன்று நான்கு நிமிடம் முனையால் மெதுவாக, ஓரங்களில் கூடுதலாக. ஓரம்தான் எப்போதும் உரியும். டிராக் நசுங்கி அகலமானால் அழுத்தம் அதிகம். தாளோடு டோனரும் வந்தால் சூடு குறைவு அல்லது அழுக்கு. நன்றாக ஆறவிட்டு, பத்து நிமிடம் ஊறவைத்து, கட்டைவிரலால் தேய்த்து எடுங்கள். தாளைப் பிடித்து உரிக்கவே கூடாது. பேட் நடுவில் ஒட்டிய நாரைப் பழைய பல்துலக்கி எடுத்துவிடும். விட்டுப்போன இடங்களைப் பெர்மனென்ட் மார்க்கரால் நிரப்புங்கள்; அகலமான கிரவுண்ட் (சுற்றின் பொதுவான நெகட்டிவ் இணைப்பு) பகுதியில் ஊசிப்புள்ளிகள் இருக்கும், அவற்றையும்.

அடுத்தது டோனர் மூடாத செம்பைக் கரைப்பது. அதற்கான ஃபெரிக் குளோரைடு பொடியைத் தண்ணீரில் கொஞ்சம் கொஞ்சமாகப் போடுங்கள், கரையும்போது சூடேறும். கையுறையும் கண்ணாடியும் கட்டாயம். பிளாஸ்டிக் தட்டுதான், அலுமினியப் பாத்திரமோ எவர்சில்வர் சிங்க்கோ அரித்துப்போகும். தட்டை வெந்நீர்த் தட்டின்மேல் வைத்து அசைத்துக்கொண்டே இருந்தால் 35 மைக்ரான் செம்பு கால் மணி நேரத்தில் கரையும். குளிர்ந்த கரைசலில் நேரம் இழுக்கும். அதற்குள் டோனருக்கு அடியிலும் பக்கவாட்டில் அரித்து மெல்லிய டிராக் அறுந்துவிடும். பயன்படுத்திய கரைசலில் செம்பு இருக்கிறது; சாக்கடையில் ஊற்றாமல் பாட்டிலில் எடுத்துவைத்தால் அடுத்த போர்டுக்கும் ஆகும்.

துளை ரெசிஸ்டருக்கு 0.8 மி.மீ., 4007 டயோடுக்கும் 7805-க்கும் 1 மி.மீ. தின்னரால் டோனரைத் துடைப்பதைச் சால்டர் செய்யும் நாளுக்குத் தள்ளிவையுங்கள்; அதுவரை செம்பு கறுக்காமல் டோனரே காக்கும்.