முதுகைக் காட்டி ஒரு உதை

கபோய்ரா என்ற பிரேசில் சண்டைக்கலையைக் கற்கிறேன் என்று சொன்னால் போதும், அந்தரத்தில் குட்டிக்கரணம் போடும் பிரேசில் இளைஞர்கள் கேட்பவர் கண்ணுக்குள் வந்துவிடுகிறார்கள். அடுத்ததாக என்னை ஒருமுறை மேலிருந்து கீழ்வரை பார்ப்பார்கள். நாற்பதைத் தாண்டியவள், மும்பை செம்பூரில் பிசியோதெரபிஸ்ட், வீட்டில் பள்ளிக்கூடம் போகிற பிள்ளைகள். குட்டிக்கரணம் எனக்கு வராது, வர வேண்டும் என்ற ஆசையும் இல்லை. என்னை இதில் பிடித்து வைத்திருப்பது ஒரே ஒரு உதை. பெயர், மேயா லுவா ஜி கொம்பாசு.

எப்படி என்று சொல்லிவிடுகிறேன். கபோய்ராவில் யாரும் நின்ற இடத்தில் நிற்பதில்லை. ஜிங்கா என்று ஒரு அடிப்படை ஆட்டம் உண்டு. ஒரு கால் பின்னால் போகும், திரும்பும், அடுத்த கால் போகும். அதில் வலது கால் பின்னால் இருக்கும் நேரம் பார்த்து, முன்னால் இருக்கிற இடது காலைக் குறுக்கே எடுத்து வைக்க வேண்டும், பாதம் உள்ளே திரும்பியபடி. உடனே இடுப்பிலிருந்து மடங்கிக் கீழே. கை தரையில். முதுகு எதிராளிக்கு. அங்கிருந்து வலது கால் நீட்டிக்கொண்டு கிளம்பி ஒரு பெரிய வட்டம் போடும். அடிக்கிற இடம் குதிகால். தலை தரைக்குப் பக்கத்தில் இருக்கும்போது குதிகால் எதிராளியின் கன்ன உயரத்தில் போய்க்கொண்டிருக்கும். சுற்றி முடித்தால் மறுபடி ஜிங்கா. பார்க்கிறவர்களுக்கு எல்லாம் ஒரு விநாடிக் காரியம்.

வேடிக்கை பார்க்கிறவர்கள் காலைத்தான் பார்க்கிறார்கள். கற்றுக்கொள்ள வருகிறவர்களும் அப்படித்தான். எவ்வளவு உயரம் போகிறது, எவ்வளவு வேகம் என்றே கேட்கிறார்கள். எனக்கு இந்த உதை முழுக்கவும் கண்ணில்தான் இருக்கிறது. முதுகைத் திருப்பிக் குனிந்த நொடியில் நம் இரண்டு கால்களுக்கு நடுவே எதிராளி தலைகீழாகத் தெரிவார். அவரைப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். பார்வை அறுந்தால் அது உதை இல்லை, காற்றில் ஒரு சுற்று. எங்கள் ஆசிரியர் மராட்டிக்காரர், அதிகம் பேச மாட்டார். நாங்கள் குனிகிற நேரத்தில் விரல்களைக் காட்டி “கித்னா?”, எத்தனை, என்பார். சுற்றி நிமிரும்போது எண்ணைச் சொல்ல வேண்டும். சொல்லவில்லையென்றால் கால் எவ்வளவு அழகாகப் போயிருந்தாலும் கணக்கில் வராது. எனக்குத் தெரிந்து இதைவிட நல்ல பயிற்சி கிடையாது.

பார்வை ஏன் இவ்வளவு முக்கியம் என்றால், இந்த உதையே தப்பிப்பதிலிருந்து பிறப்பது. எதிராளியின் கால் என் தலையை நோக்கி வருகிறது. நான் குனிகிறேன். குனிந்ததும் என் தலை அங்கே இல்லை, அவர் கால் வெறுங்காற்றில் போகிறது. அதே குனிவு என் இடுப்பை மேலே தூக்கிக் காலைக் கிளப்பிவிடுகிறது. விலகுவதும் அடிப்பதும் ஒரே அசைவு. தனியாக மூச்சுப் பிடித்து உதைக்க வேண்டியதில்லை. உடம்பின் எடை கீழே போகிறபோது கால் தானாக மேலே வரும். நீட்டிய கால் நீளமானது, அதன் நுனியில் இருப்பது தோல் போர்த்திய எலும்பு. பட்டால் நிலைமை மோசம். அதனால்தான் பயிற்சியில் படுவதற்காக யாரும் வீசுவதில்லை. எதிராளி குனிந்துகொள்ள நேரம் இருக்கிற மாதிரி வீசுவதும், அவர் குனிந்ததும் அடுத்ததை யோசிப்பதும்தான் ஆட்டம்.

இனி என் தொழில் பேச்சு கொஞ்சம். என்னிடம் வருகிறவர்களில் பாதிப்பேர் முட்டிவலிக்காரர்கள். அதில் மாட்டுங்காவிலிருந்து வரும் பரதநாட்டியப் பிள்ளைகளும் உண்டு. அரைமண்டியில் பாதத்தைத் திருப்பும்போது அது இடுப்பு மூட்டிலிருந்து திரும்ப வேண்டும். அங்கே திரும்பாமல் முட்டியைத் திருகிப் பாதத்தை வெளியே தள்ளும் பிள்ளைகள்தான் என்னிடம் வந்து சேர்கிறார்கள். முழங்கால் மூட்டு மடக்கவும் நீட்டவும் ஏற்பட்டது, சுழற்சி அதற்குக் கொஞ்சம்தான் உண்டு. மேயா லுவாவிலும் இதே வழக்குத்தான். ஊன்றிய கால் முன்பாதத்தின் மேல் சுழல வேண்டும், குதிகால் தரையை விட்டு எழ வேண்டும். பாதம் முழுக்கத் தரையில் ஒட்டிக்கொண்டிருக்க உடம்பு மட்டும் சுழன்றால் அந்தத் திருகல் எல்லாம் முட்டிக்குள் போகும். முட்டிக்குள் மெத்தை மாதிரி இருக்கிற மெனிஸ்கஸ் கிழிய வேறென்ன வேண்டும்?

ஞாயிறு காலைகளில் ஜுஹு கடற்கரையில் பயிற்சி வைக்கிறோம். அங்கே நான் வாக்குவாதம் பண்ணாத வாரம் இல்லை. இளசுகளுக்கு மேலே காய்ந்த மணல்தான் பிடிக்கும், விழுந்தால் வலிக்காதாம். காய்ந்த மணலில் பாதம் புதைந்து அப்படியே மாட்டிக்கொள்ளும், சுழலாது. அலை வாங்கிய ஈரமணல் இறுகலாக இருக்கும், பாதம் நன்றாகத் திரும்பும். ஆகவே கீழே வாருங்கள் என்று கூப்பிட்டுக்கொண்டே இருப்பேன். இப்போது வாட்ஸ்அப் குழுவில் நேரம் போடும்போது கடல் வற்றும் நேரத்தையும் சேர்த்துப் போடுகிறார்கள். அது என் சாதனை என்றே வைத்துக்கொள்ளலாம்.

குழுவில் தாராவியிலிருந்து ஒரு பையன் வருகிறான், நம்ம ஊர்க்காரன்தான். காற்று மாதிரி சுற்றுவான். என் மேயா லுவாவைப் பார்த்து, “அக்கா, நீங்க கால் எடுத்தா நான் போய் ஒரு கட்டிங் சாய் குடிச்சிட்டு வந்து குனிஞ்சுக்கலாம்” என்றான். “சரி தம்பி, நீ வா” என்றேன். அவன் வேகம் எனக்கு எந்தக் காலத்திலும் வராது. ஆனால் அவன் சுற்றும்போது பார்ப்பதில்லை என்பது எனக்குத் தெரியும். அவன் திரும்பிக் குனிந்ததும் நான் கீழே இறங்கி, அவன் ஊன்றியிருந்த காலைப் பாதத்தால் கொக்கி போட்டு இழுத்தேன். ஹஸ்தேய்ரா என்று பெயர். கபோய்ராவில் எனக்கு இரண்டாவதாகப் பிடித்தது. ஒற்றைக் காலில் இருக்கிறவனுக்கு அந்தக் காலும் போனால் என்ன மிச்சம்? உட்கார்ந்த இடத்திலிருந்து சிரித்தான். அதற்கப்புறம் கொஞ்சம் மெதுவாகத்தான் வருகிறான், குனிந்ததும் என் முகத்தைத் தேடுகிறான்.

இந்த வேகம், நிதானம் விஷயத்தில் பிரேசிலிலேயே இரண்டு வழி இருக்கிறது. இரண்டுமே பாஹியா மாநிலத்தின் சால்வடோர் நகரத்திலிருந்து வந்தவை. மெஸ்த்ரே பிம்பா (மெஸ்த்ரே என்றால் ஆசான்) துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர். 1932-ல் அந்த நகரத்தில் கபோய்ரா பள்ளி தொடங்கினார். 1937-ல் அதற்கு அரசு அங்கீகாரம் கிடைத்தது. அவர் வகுத்ததுதான் ரெஜியோனல். நிமிர்ந்த, வேகமான பாணி, இருவர் சேர்ந்து பயில 8 அசைவுத் தொடர்கள். மெஸ்த்ரே பாஸ்தீன்யா 1941-ல் அங்கோலா என்ற மற்றொரு பாணிக்கென்று தனியாக மையம் வைத்தார். அங்கோலாக்காரர்கள் இதே குடும்பத்து உதையை ஹபு ஜி அஹாயா என்கிறார்கள். இரண்டு கைகளும் தரையில், தாழ்வாக, சோம்பலாக வருகிற மாதிரி வரும். அந்தச் சோம்பலை நம்பி உள்ளே நுழைந்தால் குதிகால் காத்துக்கொண்டிருக்கும். நாங்கள் கற்பது பிம்பா வழி. என் மனசு பாஸ்தீன்யா பக்கம். ஆசிரியருக்கும் தெரியும், கண்டுகொள்வதில்லை. கடைசிக் காலத்தில் பாஸ்தீன்யாவுக்குக் கண்பார்வை போய்விட்டது. சால்வடோரின் பழைய பகுதியான பெலோரின்யோவில் இருந்த பள்ளியையும் காலி செய்ய வைத்தார்கள். 1981-ல் வறுமையில் இறந்தார். பிம்பாவுக்கும் சொந்த ஊரில் பிழைப்பு ஓடாமல், கோயானியா நகரத்துக்குப் போய் 1974-ல் அங்கேயே முடிவு வந்தது. 2014-ல் யுனெஸ்கோ, இருவர் நடுவில் ஆட மற்றவர்கள் சுற்றி நிற்கிற கபோய்ரா வட்டத்தை மனிதகுலத்தின் பண்பாட்டு மரபாகப் பட்டியலில் சேர்த்தது. யாருக்கு என்ன பயன்?

கபோய்ரா எப்படிப் பிறந்தது என்று இன்ஸ்டாகிராமில் சுற்றுகிற ஒரு கதை பற்றியும் சொல்லியாக வேண்டும். பிரேசிலில் ஆப்பிரிக்க அடிமைகளின் கைகளைச் சங்கிலியால் கட்டியிருந்தார்களாம், அதனால் காலால் சண்டை போடக் கற்றார்களாம். எனக்கு இதில் நம்பிக்கை இல்லை. கரும்புத் தோட்டத்தில் நாள் முழுக்க வேலை வாங்க வேண்டியவன் கையைக் கட்டி வைப்பானா? 1960-களில் அல்பானோ நேவிஸ் இ சோசா என்ற ஓவியர் ஆப்பிரிக்க நாடான அங்கோலாவின் தெற்கில் தான் பார்த்த ங்கோலோ என்ற கால்சண்டையைப் பற்றிச் சொல்லி, அதுவே கபோய்ராவின் வேர் என்றார். கையை ஊன்றித் தலைகீழாக உதைப்பது அதிலும் உண்டு. இதையும் எல்லா ஆய்வாளர்களும் ஒப்புக்கொள்வதில்லை. ஆனால் கைவிலங்கு இல்லாமலே சுதந்திரமான மனிதர்கள் விரும்பிச் செய்திருக்கக்கூடிய உதை இது என்பது மட்டும் எனக்கு ஏற்புடையதாக இருக்கிறது. சட்டத்தின் விலங்கு பிறகு வந்தது. 1888-ல் பிரேசிலில் அடிமை முறை ஒழிந்தது, 1890-ல் வந்த குற்றவியல் சட்டம் தெருவில் கபோய்ரா ஆடினால் இரண்டு மாதம் முதல் ஆறு மாதம் வரை சிறை என்றது.

அந்தக் காலத்துக்குச் சொந்தமானதாகச் சொல்லப்படும் ஒரு தாளம் உண்டு, கவலாரியா. குதிரைப் போலீஸ் வருகிறது, கலைந்துபோங்கள் என்பதற்கான குறி. ஜுஹுவில் ஒருநாள் ஹவில்தார் ஒருவர் வந்து நின்றதும் தாராவித் தம்பி பெரிம்பாவ் என்ற வாத்தியத்தில் அதை வாசித்தான். வட்டத்தில் இருந்த எங்களுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. ஹவில்தார் தலையாட்டி ரசித்துவிட்டுப் போனார்.

பெரிம்பாவ் என்பது வில் மாதிரி வளைந்த ஒற்றைக் கம்பி வாத்தியம், அடியில் சுரைக்குடுவை. ஆட்டத்தின் வேகத்தை அது தீர்மானிக்கும்; அது நிதானமாக வாசித்துக்கொண்டிருக்கும்போது நாம் உதைகளைச் சுழற்றித் தள்ளினால் மரியாதைக் குறைவு. எங்கள் வாத்தியத்தின் கம்பி ஒரு ஜூன் மாதம் துருப்பிடித்து அறுந்தது. பிரேசிலில் பழைய டயரின் ஓரத்திலிருந்து கம்பியை உரித்து எடுப்பார்கள் என்று ஆசிரியர் சொல்லி வாய் மூடுவதற்குள், “டயர்தானே?” என்றான் தம்பி. பழைய பொருள் பிரித்துப் போடுகிற தாராவியில் அதற்கா பஞ்சம்? அடுத்த வாரம் கம்பியைச் சுருட்டிக் கொண்டுவந்தான், உப்புத்தாள் போட்டுத் தேய்த்து. பிரேசில் கம்பியைவிடக் கணீரென்று இருக்கிறது. சுரைக்குடுவைக்குத்தான் மும்பை மழை ஒத்துக்கொள்ளவில்லை, பூசணம் பிடித்துவிடுகிறது.

திசையன்விளையிலிருந்து வந்து எங்களோடு இருக்கிற அம்மாவுக்கு இந்த உதை கொஞ்சமும் பிடிக்கவில்லை. அம்மாவின் தாத்தா சிலம்பம் சுற்றியவர். “ஏட்டி, எதிராளிக்கு முதுகக் காட்டக்கூடாதுன்னு எங்க தாத்தா சொல்லுவாவ. நீ காசு குடுத்து அதப் படிக்கியே!” ஹாலில் சோபாவை நகர்த்திவிட்டு, அம்மாவை எதிரே நிற்க வைத்து மெதுவாகச் செய்து காட்டினேன், கால்களுக்கு நடுவே அவளைப் பார்த்தபடி. கொஞ்சம் யோசித்தாள். “சரி, அது கெடக்கட்டும். இந்தப் பேண்ட்டு ஏன் வெள்ளையா இருக்கு? யாரு தொவைக்க?” பாஸ்தீன்யாவின் மாணவர்கள் மஞ்சளும் கறுப்பும் உடுத்தினார்கள், அது அவருக்குப் பிடித்த இப்பிராங்கா கால்பந்து அணியின் நிறம் என்றேன். அது புத்தியுள்ள மனுசன் என்றாள்.

இப்போது ஆசிரியர் கை ஊன்றாத மேயா லுவாவை ஆரம்பித்திருக்கிறார். நிமிர்ந்த வாக்கில் சுழன்று அடிப்பது, வேகம் அதிகம். இளசுகளுக்குக் கொண்டாட்டம். நான் மட்டும் ஓரமாகக் கை ஊன்றியே செய்துகொண்டிருக்கிறேன். தரையில் கை இருந்தால் தாங்குகிற காலின் சுமை குறையும், தலை இன்னும் கீழே போகும், பார்வையும் நிலைக்கும். இதை விட்டுவிட்டு எதற்காக அது என்று அவரிடம் கேட்டேன். மேடையில் நன்றாக இருக்கும் என்றார். நான் மேடை ஏறப்போவதில்லை.