எட்டு ஜி

மார்ச் 3
அத்தையின் வயிற்றுக் கட்டியிலிருந்து எடுத்த பயாப்ஸி பிளாக்கை மறுபடி வாங்கிப் போயிருக்கிறார்கள். வேறு சாயம் போட்டுப் பார்க்க வேண்டுமாம்.

மார்ச் 4
நேற்று லேபில் சிஸ்பிளாட்டின் என்ற கீமோ மருந்து விட்ட ஏஜிஎஸ் ரக வயிற்றுப் புற்றுநோய் செல்கள் காலையில் சுருங்கி உருண்டு கிடந்தன. விளிம்பெல்லாம் கஞ்சி கொதிக்கிற மாதிரி குமிழ் குமிழாக. பி53 என்ற காவல் ஜீன் பழுதில்லாத செல் இப்படித்தான் ஒழுங்காகச் சாகும். சேதம் தெரிந்ததும் பி53 போய் பூமா, பாக்ஸ் ஜீன்களை எழுப்பும். பாக்ஸ் மைட்டோகாண்ட்ரியாவில் ஓட்டை போடும். அப்புறம் காஸ்பேஸ் என்ற வெட்டும் நொதிகள் உள்ளே இருப்பதையெல்லாம் நறுக்கித் தள்ளும்.

பக்கத்துத் தட்டில் காட்டோ 3, இன்னொரு வயிற்றுப் புற்றுநோய் ரகம். பி53 ஜீனே கிடையாது. அதே மருந்து, அதே அளவு. எப்போதும்போல பாதி மிதந்தும் பாதி ஒட்டியும் இருக்கிறது.

மார்ச் 5
தூக்கமில்லை.

மார்ச் 7
"டேய், உன் டப்பால இருக்கறது செத்துச்சா?"
"ஒண்ணு செத்துச்சு அத்தை. இன்னொண்ணு சாகலை."
"எனக்குள்ள இருக்கறது எந்த ரகம்?"
சாப்பிட்டீங்களா என்று கேட்டேன். ரசம் சாதம் நாலு வாயாம்.

மார்ச் 8
அந்த எட்டு ஜி மண்டையை விட்டுப் போக மாட்டேன் என்கிறது. பாக்ஸ் ஜீனில் ஓரிடத்தில் டிஎன்ஏவின் ஜி எழுத்து எட்டு முறை வரிசையாக வருகிறது. படியெடுக்கும்போது இந்த மாதிரி இடத்தில்தான் தடுக்கும், எட்டு ஏழாகிவிடும். எம்எல்எச்1 என்ற பிழைதிருத்தும் புரதம் இருந்தால் அங்கேயே திருத்திவிடும். ஆனால் வயிற்றுப் புற்றுநோயில் ஒரு பிரிவில் எம்எல்எச்1 அடங்கிப் போகிறது. பெரும்பாலும் அந்த ஜீனில் எழுத்துப்பிழைகூட இருக்காது. தொடக்கத்தில் மெத்தில் என்ற சின்ன வேதித் துண்டு ஒட்டிக்கொள்கிறது, அவ்வளவுதான், செல் அதைப் படிப்பதில்லை. திருத்த ஆளில்லாமல் ஒரு ஜி போகிறது, அதன்பின் எல்லாம் இடம் மாறிப் படிக்கப்பட்டு பாக்ஸ் புரதம் பாதியில் நிற்கிறது. சாக வேண்டிய செல் சாவதில்லை.

நல்ல வயிற்றில் உட்சுவரின் மேல் செல்கள் சில நாளுக்கொருமுறை தாமாகச் செத்து உதிர்ந்து புதுசாகின்றன. இதற்கெல்லாம் யார் மேல் கோபப்படுவது? அத்தைக்கு வருஷக்கணக்காக கேஸ் மாத்திரை எழுதிக்கொடுத்தவர் மேல்தான் எனக்கு வருகிறது.

மார்ச் 10
பிளாட் வந்தது, ஜெல்லில் புரதங்களை எடைவாரியாகப் பிரித்த படம். செல் சாகும்போது காஸ்பேஸ் வெட்டும் பார்ப் புரதம் முழுதாக 116 கிலோடால்டனில், வெட்டுப்பட்டது 89-இல். ஏஜிஎஸ்ஸில் 89 நல்ல கருப்பு. காட்டோவில் தேடித்தான் பார்க்க வேண்டும். ஒப்பிட வைக்கும் ஆக்டின் புரதம் சமமாக இல்லை, கைடு ஒத்துக்கொள்ள மாட்டார். மறுபடி ஜெல்.

மார்ச் 11
ஏஜிஎஸ், 54 வயதுப் பெண் ஒருவரின் கட்டியிலிருந்து வந்தது. எந்த சிகிச்சையும் தொடங்குமுன் எடுத்தது. அத்தைக்கு வைகாசியில் 55.

மார்ச் 12
போன் வரவில்லை.

மார்ச் 14
அத்தையின் ரிப்போர்ட். எம்எல்எச்1 இல்லை, அதன் ஜோடிப் புரதம் பிஎம்எஸ்2வும் இல்லை. பாக்ஸை யாரும் பார்க்கவில்லை, பார்க்கவும் மாட்டார்கள். மருந்தை முடிவு செய்ய அது வேண்டாம். எனக்கு மட்டும்தான் வேண்டும். திருத்தப்படாத பிழைகளால் இந்த ரகக் கட்டியில் விசித்திரப் புரதங்கள் நிறைய. எதிர்ப்புச் செல்கள் அவற்றை அடையாளம் காணும், அதனால் இம்யூனோதெரபி கேட்கும். டாக்டரே அந்த வகை மருந்தான பெம்ப்ரோலிசுமாப் பெயரைச் சொன்னாராம். மாமா கேட்டது விலை மட்டும்.

மார்ச் 15
ஞாயிறு. இன்ஷூரன்ஸ் ஆபீஸ் பூட்டு. நாளை பத்து மணிக்கு மாமாவோடு போகிறேன். ஜெல் செவ்வாய்க்கிழமைக்குத் தள்ளிவிட்டேன்.