தொட்டுப் பார்த்து வாங்குங்க: தர்மபுரி, கிருஷ்ணகிரிப் பக்கத்துச் சரக்குகள்

ஒகேனக்கல்லில் ஒரு பரிசல் சவாரி, எண்ணெய்க் குளியல், மீன் வறுவல். வெளியூர் ஆட்களுக்கு எங்கள் பக்கத்தில் ஒரு நாள் இப்படிக் கழிந்துவிடும். ஊருக்குத் திரும்பும்போது பையில் எதைப் போட்டுக்கொண்டு போவது என்று கேட்டால் எல்லாரும் நெடுஞ்சாலையோர மாம்பழக் குவியலைக் கைகாட்டுவார்கள். மாம்பழம் நல்லதுதான், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் என் கணக்கில் முதல் இடம் கேழ்வரகுக்கு.

கடையில் அது ராகி, வீட்டில் கேவுரு. காவேரிப்பட்டணத்தை ஒட்டிய பையூரில் வேளாண் பல்கலைக்கழகத்தின் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. அங்கிருந்து வந்த ராகி, சாமை, கொள்ளு ரகங்களுக்கு ஊர்ப் பெயரே பெயர்: பையூர் 1, பையூர் 2 என்று. பாக்கெட் மாவை விட்டுவிடுங்கள். போச்சம்பள்ளி ஞாயிற்றுக்கிழமைச் சந்தையிலோ மண்டியிலோ தானியமாகவே வாங்குங்கள். உள்ளங்கையில் ஒரு பிடி எடுத்து ஊதினால் தூசும் உமியும் பறந்துவிடும். கல் பறக்காது. ராகி மணி அளவுக்கே குறுங்கல் கிடக்கும் என்பதால் தண்ணீர் விட்டு அரித்தெடுக்காமல் அரைக்கவே கூடாது. அரித்த பிறகு இரண்டு நாள் நல்ல வெயில் வேண்டும். பல்லில் வைத்துக் கடித்தால் நசுங்காமல் உடைய வேண்டும், அதுதான் மில்லுக்குப் போகும் பதம். அரைத்து வந்த மாவு சூடாக இருக்கும். அந்தச் சூட்டோடு டப்பாவில் அடைத்தால் உள்ளே வியர்த்துக் கட்டி பிடிக்கும், சீக்கிரம் சிக்கு வாடை வந்துவிடும். துணியில் பரப்பி ஆறவிட்டு மூடினால் ஒரு மாதம் தாங்கும். சுண்ணாம்புச் சத்து 100 கிராமுக்கு 340 மில்லிகிராமுக்கு மேல். பாலில்கூட அவ்வளவு இல்லை.

களி பலருக்கு வராமல் போவதற்குக் காரணம் கிளறுவதில் இருக்கும் அவசரம். நான்கு பேருக்கு ராகி மாவு 2 டம்ளர், நொய்யரிசி அரை டம்ளர், தண்ணீர் ஐந்தரை டம்ளர், உப்பு கொஞ்சம். நொய் இல்லையென்றால் ஒரு பிடி பழைய சோறு போதும். அடி கனத்த, வாய் குறுகிய பாத்திரம் வேண்டும். அகலச் சட்டியில் நீர் ஆவியாகிப்போய் மாவு வேகாமல் நிற்கும். நொய் குழைய வெந்து கஞ்சி தளதளவென்று கொதிக்கும்போது ஒரு கரண்டிக் கஞ்சியைத் தனியே எடுத்து வையுங்கள். பிறகு மாவு முழுவதையும் நடுவில் குன்று மாதிரி கொட்டுங்கள். கையைக் கட்டிக்கொண்டு நில்லுங்கள், கிளறக் கூடாது. துடுப்பின் காம்பால் குன்றின் நடுவே அடிவரை ஒரு துளை போட்டு, தீயைக் குறைத்து, பாதி மூடி வைத்துப் பத்து நிமிடம் விடுங்கள். அந்தத் துளை வழியாகக் கஞ்சி பொங்கி மேலே வந்து, மாவின் மேல் வழிந்து, திரும்பக் கீழே இறங்கும். மாவு ஆவியிலேயே முக்கால் பதம் வெந்துவிடும். இதைவிட்டுக் கொட்டிய உடனே கிளறினால் என்ன ஆகும்? மாவு உருண்டையின் வெளிப்பக்கம் சட்டென்று வெந்து பசையாகி மூடிக்கொள்ளும், உள்ளே தண்ணீர் புகாது. களிக்குள் வெள்ளையாகப் பச்சை மாவு சிக்குவது இப்படித்தான். அதற்குப் பிறகு எவ்வளவு கிண்டினாலும் அந்தக் கட்டி கரையாது.

பத்து நிமிடம் ஆனதும் பாத்திரத்தை இறக்கித் தரையில் வைத்து, கவட்டை மாதிரிப் பிரிந்த கவைக்கோலால் பாத்திரத்தை அழுத்திப் பிடித்துக்கொண்டு கிண்டுங்கள். கேஸ் அடுப்பின் மேலேயே கிண்டினால் பாத்திரம் சுற்றும், பலம் இறங்காது. சுற்றிச் சுற்றிக் கலக்குவது கிண்டுவது ஆகாது. துடுப்பைப் பாத்திரத்தின் சுவரோடு அழுத்தி மாவைத் தேய்த்து இழுக்க வேண்டும். இறுகினால் எடுத்து வைத்த கஞ்சியைத் தெளித்துக்கொள்ளலாம். பச்சைத் தண்ணீர் விட்டால் களி விண்டுபோகும். திரும்ப அடுப்பில் ஏற்றிச் சிறுதீயில் ஐந்து நிமிடம் மூடி வைத்து, ஈரக் கையால் தொட்டுப் பாருங்கள். விரலில் ஒட்டாவிட்டால் வெந்துவிட்டது. ஈரத் தட்டில் கொட்டி, சூடு ஆறுவதற்குள் கையை நனைத்து நனைத்து உருட்ட வேண்டும். தின்னும்போது மெல்லக் கூடாது. குழம்பில் புரட்டி விழுங்க வேண்டும். மென்றால் பல்லில் அப்பும், பிறகு களி பிடிக்கவில்லை என்று களியின் மேல் பழி போடுவார்கள்.

தொட்டுக்கொள்ளக் கருவாட்டுக் குழம்பு, கீரைக் கடைசல், கொள்ளுக் கடைசல் எல்லாம் வருடம் முழுக்க உண்டு. மார்கழி, தை வந்துவிட்டால் எனக்குப் பிதுக்குப் பருப்பு மட்டும் போதும். பச்சை மொச்சைக் கொட்டையை இரவே ஊறவைத்து, காலையில் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் வைத்துப் பிதுக்கினால் பருப்பு தோலை விட்டுத் துள்ளி வெளியே வரும். தோல் வராமல் அடம்பிடித்தால் ஊறல் போதவில்லை, இன்னும் இரண்டு மணி நேரம் விடுங்கள். குக்கரில் போட்டுவிடாதீர்கள், ஒரே விசிலில் கூழாகிவிடும். திறந்த பாத்திரத்தில் பத்துப் பன்னிரண்டு நிமிடம் போதும். பருப்பு முழுசாக நிற்க வேண்டும், நாக்கில் வைத்து அழுத்தினால் கரைய வேண்டும்.

அடுத்தது புளி. மாசியில் உலுக்கத் தொடங்கினால் சித்திரை வரை வரும். தேன்கனிக்கோட்டைக்கு அந்தப் பக்கம் அஞ்செட்டி மலையில் ஊரிகம் என்று ஓர் ஊர். அந்த ஊர்ப் பெயரிலேயே ஒரு புளி ரகம் இருக்கிறது. வாங்கும்போது கொட்டைப்புளியா, கொட்டை எடுத்த பூப்புளியா என்று முதலில் தீர்மானித்துக்கொள்ளுங்கள். கொட்டைப்புளி விலை குறைவாகத் தெரியும். ஆனால் எடையில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் கொட்டைதான். அதைக் கழித்துக் கணக்குப் போட்டுப் பாருங்கள், மிச்சம் உங்கள் உழைப்பும் அரிவாள்மணையும்தான். உழைக்க ஆள் இருந்தால் கொட்டைப்புளி லாபம், இல்லையென்றால் இல்லை.

புதுப்புளி இளஞ்சிவப்பு கலந்த பழுப்பாக இருக்கும், நாள் ஆக ஆகக் கறுக்கும். கறுப்பு கெட்டதற்கு அடையாளம் இல்லை. பழம்புளியில் ரசம் வைத்தால் நிறம் மட்டும் இருட்டாக இருக்கும். பார்க்க வேண்டியது ஈரத்தை. எடை கூட்டத் தண்ணீர் தெளித்த புளி மினுமினுக்கும். ஒரு துண்டைக் கையில் அழுத்திவிட்டுக் கையைத் திறந்தால் உள்ளங்கை நசநசக்கும். நல்ல புளி அழுத்தினால் மெழுகு போல அமுங்கும், கையை ஈரமாக்காது. கொஞ்சம் பிய்த்து உள்ளே பாருங்கள். நாருக்கும் சதைக்கும் நடுவில் பொடிப்பொடியாகத் தூள் தெரிந்தால் வண்டு குடியேறிவிட்டது.

வீட்டுக்குக் கொண்டுவந்ததும் இரண்டு நாள் வெயில், பிறகு நிழலில் ஆறவிடல். சூட்டோடு அடைத்தால் ராகி மாவின் கதைதான் இங்கேயும். கிலோவுக்கு 75 கிராம் கல் உப்பு என்று வைத்துக்கொண்டு, ஒரு அடுக்கு புளி, ஒரு தூவல் உப்பு என்று பீங்கான் ஜாடியிலோ மண்பானையிலோ கையால் குத்திக் குத்தி அடையுங்கள். காற்றுக்கு இடம் இருந்தால் புழுவுக்கும் இடம் இருக்கும். அலுமினியம், பித்தளை வேண்டாம், புளிப்பு அரித்துவிடும். எடுக்கும் கையில் ஈரம் இருந்தால் மேல் அடுக்கில்தான் முதலில் பூஞ்சை தெரியும். ஒரு வருடச் சரக்கை மொத்தமாக ஒரே ஜாடியில் அடைக்காமல் இரண்டு மூன்றாகப் பிரித்து வைப்பது அதனால்தான்.

இனி மாம்பழம். பெங்களூரா என்று இங்கே சொல்வது தோத்தாபுரி, கிளிமூக்கு மாதிரி நுனி. அதைப் பழமாக வாங்கி ஏமாறாதீர்கள், அது கூழ் ஆலைக்குப் போகிற சரக்கு. காயாக நீளநீளமாக அரிந்து உப்பும் மிளகாய்த்தூளும் போட்டால் அதன் பெருமை தெரியும். பழத்துக்குச் செந்தூரா, தாராளமாகச் செலவு செய்யலாம் என்றால் இமாம்பசந்த். நீலம் சீசன் கடைசியில் வரும், வாசம் அருமை, ஆனால் கொட்டைக்குள் வண்டு இருக்க வாய்ப்பு அதிகம். பிஞ்சிலேயே முட்டையிட்டுப் போய்விடுவதால் தோலில் அடையாளம் தெரியாது. வெட்டாமல் அப்படியே கடித்துச் சாப்பிடும் பழக்கத்தை நீலத்துக்கு மட்டும் விட்டுவிடலாம்.

ஓசூர்ப் பக்கம் டீயோடு கடிக்க நிப்பட்டு. தட்டையின் கன்னட அண்ணன். அரிசி மாவு 2 கப்புக்குப் பொட்டுக்கடலை மாவு கால் கப், ஒன்றிரண்டாக உடைத்த வறுத்த வேர்க்கடலை அரை கப், காய்ச்சிய எண்ணெய் 3 மேசைக்கரண்டி. எண்ணெய் குறைந்தால் கல்லாகும், கூடினால் வாணலியில் உதிரும். தட்டியதும் முள்கரண்டியால் நாலு குத்து. குத்தாவிட்டால் பூரி மாதிரி உப்பி, ஆறியதும் நமத்துவிடும்.

உடுப்புக்கு வருவோம். அரூரிலிருந்து உள்ளே போனால் மலைகளுக்கு நடுவில் சித்தேரியும் சிட்டிலிங்கியும். சிட்டிலிங்கிப் பள்ளத்தாக்கின் தாண்டா எனப்படும் லம்பாடிக் குடியிருப்புகளில் பெண்கள் போடும் கைத்தையலை மீட்டெடுத்து விற்கும் அமைப்பு பொர்கை. லம்பாடி மொழியில் பெருமை என்று அர்த்தமாம். பழைய பேட்டியாப் பாவாடையிலும் காஞ்சளிச் சோளியிலும் இருந்த கண்ணாடி, சோழி, கட்டம் கட்டமான தையல் இன்று குர்தா கழுத்திலும் தலையணை உறையிலும் பையிலும் வந்து உட்கார்ந்திருக்கிறது. ஒரு பட்டை மட்டும் இருக்கிற சாதாரணப் பருத்திக் குர்தா எனக்குப் பிடிக்கும். உடம்பு முழுக்கத் தைத்தது கனக்கும், துவைக்கவும் பயமாக இருக்கும்.

எங்கே வாங்கினாலும் முதலில் துணியைத் திருப்பிப் பின்பக்கம் பாருங்கள். கைத்தையலில் நூல் ஒரு பூவிலிருந்து அடுத்த பூவுக்குத் தாவியிருக்கும், முடிச்சுகள் தெரியும், இரண்டு பூ ஒரே அச்சாக இருக்காது. மெஷின் தையலில் பின்னால் ஒரே நிறத்துப் பாபின் நூல் சீராக ஓடும். கைத்தையல் விலை சொல்லி மெஷின் துணி விற்கும் கடைகள் உண்டு, அதனால்தான் சொல்கிறேன்.

கண்ணாடி பதிப்பது பார்க்கத்தான் சுலபம். கண்ணாடியில் துளை கிடையாது, நூல்தான் பிடிக்க வேண்டும். ஒரு விரல் நகம் அளவுக் கண்ணாடியைத் துணியில் வைத்து, அதன் மேல் குறுக்கே இரண்டு நூல், நெடுக்கே இரண்டு நூல் ஓட்டுங்கள். நடுவில் ஒரு சதுரம் விழும், அதுதான் சட்டம். பிறகு ஊசியைச் சட்ட நூலுக்கு அடியில் விட்டு மேலே எடுத்து, கண்ணாடி விளிம்பை ஒட்டித் துணியில் ஒரு குத்து, நூல் வளையத்துக்குள் ஊசியை விட்டு இழுப்பு. இப்படியே வட்டம் முழுக்க. இழுக்க இழுக்கச் சதுரம் விரிந்து வட்டமாகி விளிம்புக்குப் போகும். சட்ட நூலைத் தொளதொளவென்று விட்டால் எவ்வளவு அழகாகச் சுற்றினாலும் நாலாவது துவையலில் கண்ணாடி விழுந்துவிடும். விளிம்பு தேய்க்காத கண்ணாடி நூலையே அறுக்கும், பதிக்கும் முன் கல்லில் தேய்த்துக்கொள்ளுங்கள். பசை தடவி ஒட்டினால் தைக்கும்வரை நகராமல் இருக்கும், அவ்வளவுதான் அதன் வேலை.

துவைக்கும் முன் ஈர வெள்ளைத் துணியால் சிவப்பு நூலை அழுத்திப் பாருங்கள். நிறம் ஒட்டினால் தனியாகத் துவைக்க வேண்டிய சரக்கு. பச்சைத் தண்ணீர், உள்பக்கம் வெளியே, முறுக்கிப் பிழியாமல் நிழலில் காயப்போடுதல். இஸ்திரி போடும்போது துண்டை விரித்துத் தையலை அதன் மேல் கவிழ்த்துப் பின்பக்கம் தேய்த்தால் கண்ணாடியும் பிழைக்கும், தையலும் அமுங்காது.

கண்ணாடி என்றதும் கூத்து ஞாபகம் வருகிறது. எங்கள் பக்கம் திரௌபதி அம்மன் கோயில்களில் பாரதம் நடக்கும் கோடைக் காலத்தில் பகலில் பிரசங்கம், ராத்திரி தெருக்கூத்து. வேஷக்காரர்களின் கிரீடமும் புஜக்கட்டையும் மார்ப்பதக்கமும் மரத்தில் செதுக்கியவை. தலையிலும் தோளிலும் விடிய விடியச் சுமந்து ஆட வேண்டியவை என்பதால் கனமில்லாத முள்முருங்கை மரம். மேலே ஜிகினாக் காகிதமும் கண்ணாடித் துண்டும். தூரத்தில் பார்த்தால் தங்கம், கிட்டப் போனால்தான் உளி பட்ட தடம் தெரியும். அதைப் பார்க்கவே திரைக்குப் பின்னால் அரிதாரம் பூசும் நேரத்தில், ஒன்பது மணி வாக்கில் போய்விடுங்கள், அனுமதி கேட்டுவிட்டு ஓரமாக நில்லுங்கள்.

முதல்முறை வருபவர்கள் பத்து மணிக்கு வந்து, கட்டியங்காரன் என்ற கோமாளி பேசும் வம்பில் சிரித்துவிட்டு, பன்னிரண்டுக்குக் கொட்டாவி விட்டபடி கிளம்பிவிடுகிறார்கள். ராஜ வேஷம் திரைக்குப் பின்னால் பாடி, திரை விலகி ஆடி வருவதெல்லாம் பெரும்பாலும் அதற்குப் பிறகுதான். மத்தியானமே ஒரு தூக்கம் போட்டுவிடுங்கள். பாயும் போர்வையும் வேண்டும், கோடையானாலும் விடியற்காலைப் பனி இறங்கும். பின்பாட்டுக்காரர்கள் உட்காரும் பெஞ்சுக்கு நேர் எதிரே, ஒலிபெருக்கிக்கு நான்கைந்து ஆள் தூரம் தள்ளி இடம் பிடித்தால் முகவீணை என்ற குழல் காதைக் கிழிக்காது. பதினெட்டாம் போர் நாளன்று காலையில் போர்க்களமாக அமைத்த படுகளத்தில் மண்ணால் செய்த துரியோதனன் மல்லாந்து கிடப்பான். அந்தக் கூட்டத்தில் செருப்பைக் கழற்றிவிட்டால் திரும்பக் கிடைக்காது, பையிலேயே போட்டுக்கொள்ளுங்கள்.