மஞ்சள் கயிறு

திருகோணமலை நகரில் ஒரு வங்கியின் நகை அடகுப் பிரிவில் வேலை செய்கிறேன். நகையை உரைகல்லில் தேய்த்து, அமிலம் ஒரு துளி விட்டால் 22 கரட் கோடு மங்காமல் நிற்கும். கல் வைத்த நகையென்றால் கல்லின் எடையைக் கழிக்க வேண்டும். 8 கிராம் ஒரு பவுண். இதெல்லாம் சீக்கிரம் பழகிவிட்டது. கழற்றித் தருகிறவரின் முகத்தைப் பார்க்கத்தான் எனக்கு நாள் பிடித்தது.

காரணம் அம்மாவின் தாலிக்கொடி. 2006 ஏப்ரலில் போரால் எங்கள் ஊரான சம்பூரை விட்டு ஓடியபோது எனக்கு ஒன்பது வயது. வாகரை, மட்டக்களப்பு என்று அலைந்து கிளிவெட்டி முகாமுக்கு வந்து சேர்ந்தோம். வழியில், அடகு வைக்கச் சொல்லி அம்மா கொடியைச் சித்தப்பாவிடம் கொடுத்தார். கொஞ்சக் காசு வந்தது, ரசீது வரவில்லை. பிறகு ஒருநாள், "ஏலத்தில போயிட்டு அண்ணி" என்றார்.

அம்மா மஞ்சள் கயிறு கட்டிக்கொண்டார். வெள்ளிக்கிழமைகளில் சம்பூர்ப் பத்திரகாளியை நினைத்து, கூடாரத்து வாசலில் சிரட்டையில் கற்பூரம் கொளுத்துவார். சித்தப்பாவின் பிள்ளைகளுக்கும் சேர்த்தே கும்பிடுவார். அது எனக்கு ஆத்திரமாக இருக்கும். அம்மாவுக்கு ரோசமில்லை என்றே நினைத்தேன். அந்த ஆத்திரத்தோடுதான் குப்பி விளக்கில் படித்தேன், உயர்தரத்தில் வர்த்தகப் பிரிவு எடுத்தேன். 2015க்குப் பிறகு ஊர் திரும்பியபோது எங்கள் வளவில் கிணறு மட்டும் இருந்தது. ஆத்திரமும் அப்படியே இருந்தது.

போன வருடம் சித்தப்பா என் மேசைக்கு முன்னால் வந்து நின்றார். தாளில் சுற்றிய இரண்டு காப்புகள். சித்தியின் சத்திரசிகிச்சைக்காம்.

"பிள்ளை... இங்கயா வேலை?"

கை நடுங்கியது, அவருக்கும் எனக்கும். 'நாளைக்கு வாங்க' என்று சொல்ல ஒரு கணம் நாக்கு எழும்பியது உண்மை. காப்பை உரைத்தேன். கோடு நின்றது. எடை போட்டு, கொடுக்கக்கூடிய முழுத் தொகையையும் எழுதினேன். ரசீதில் தவணை முடியும் திகதியைச் சிவப்புப் பேனாவால் வட்டமிட்டேன்.

"இதைத் தொலைச்சிடாதீங்க, சித்தப்பா."

அவர் ரசீதை நாலாக மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்து, பையை உள்ளங்கையால் அழுத்திப் பிடித்தபடியே போனார்.

வங்கி விஷயம் என்பதால் வீட்டில் நான் வாய் திறக்கவில்லை. அவரே அம்மாவிடம் சொல்லியிருக்கிறார். இரவு சோறு போடும்போது அம்மா கேட்டார்:

"தவணைக்கு முன்னம் அவனுக்கு ஒருக்கா கோல் எடுத்துச் சொல்லுவியா, மகள்? அவன் மறதிக்காரன்."