கல்லும் அரிசியும்

மகாளய அமாவாசைக்கு ஒரு மாதம் இருக்கும்போதே என் மளிகைக் கடை மேசையில் அந்த நீளக் கணக்கு நோட்டை எடுத்து வைத்துவிடுவேன். பருப்பு வாங்க வருகிறவர்கள் என்ன ஏது என்று கேட்பதில்லை. பெயரையும் தொகையையும் எழுதி, பணத்தை நோட்டுக்குள் வைத்துவிட்டுப் போவார்கள். சிலர் தங்கள் பெயரை எழுதமாட்டார்கள். இறந்துபோனவரின் பெயரை எழுதுவார்கள். இரண்டாம் உலகப் போரில் ஆளைப் பறிகொடுத்த தமிழ் வீடுகளுக்காக ரங்கூனில் நாங்கள் சில குடும்பங்கள் சேர்ந்து திரட்டும் பணம் இது. ஊரின் பெயர் யாங்கோன் என்று மாறிவிட்டாலும் எங்கள் வாயில் ரங்கூன்தான்.

ஏன் அந்த அமாவாசை என்று இளையவர்கள் கேட்கிறார்கள். திதி தெரியாதவர்களுக்கும் தர்ப்பணம் கொடுக்கிற நாள் அது. ஐராவதிக் கரையிலோ அரக்கான் காட்டிலோ விழுந்த ஒருவருக்குத் திதியை யார் குறித்து வைத்தார்கள்?

என் தாத்தா வட ஆர்க்காட்டிலிருந்து பிழைக்க வந்து இங்கேயே தங்கிவிட்டவர். ஊரில் இருந்த அவர் தம்பி, பெங்களூரில் மதராஸ் சாப்பர்ஸ் படையில் சேர்ந்தார். பாலம் கட்டுவது, கண்ணிவெடி அகற்றுவது, படகில் ஆட்களைக் கரை சேர்ப்பது அந்தப் படையின் வேலை. அந்தப் படையினரை இராணுவத்தில் எல்லோரும் 'தம்பி' என்றுதான் கூப்பிடுவார்கள். 1945 தொடக்கத்தில் பிரிட்டிஷாரின் பதினான்காவது படை ஐராவதியைக் கடந்தபோது சின்னத் தாத்தா ஆற்றில் போனார், உடல் கிடைக்கவில்லை. ரங்கூன் அப்போது ஜப்பானியர் கையில். மே மாதம் நகரம் கைமாறிய பிறகும் தம்பி பர்மாவுக்குள் வந்ததே தாத்தாவுக்குத் தெரியாது. கிராமத்துக்குப் போன செய்தி, அங்கிருந்து கடிதமாகி, கப்பலேறி இங்கே வந்து சேர்ந்த பிறகுதான் தாத்தா தலைமுழுகினார்.

பியே சாலையில் வடக்கே 35 கிலோமீட்டர் போனால் தௌக்யான் போர்க் கல்லறைத் தோட்டம். அக்யாப், மாந்தளை, மெய்க்திலா, சாமோ ஆகிய இடங்களில் இருந்த கல்லறைகளைப் பராமரிக்க முடியாமல் இங்கே கொண்டுவந்து சேர்க்க 1951-இல் இதைத் தொடங்கினார்கள். இரண்டாம் உலகப் போரில் இறந்த 6,374 பேர் இங்கே அடக்கமாகியிருக்கிறார்கள். அவர்களில் 867 பேர் யாரென்றே தெரியாது. நடுவே நீண்ட தூண் வரிசையாக ரங்கூன் நினைவுச் சின்னம். கல்லறையே இல்லாத ஏறக்குறைய 27,000 பேரின் பெயர்கள் அந்தத் தூண்களில் இருக்கின்றன. தகனம் செய்யப்பட்ட ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்களுக்குத் தனியாக ஒரு நினைவுச் சின்னமும் உண்டு.

பெயர்களைப் படைப்பிரிவு வாரியாகப் பொறித்திருக்கிறார்கள். மதராஸ் சாப்பர்ஸ் இருக்கும் தூணின் முன்னால் நின்றால், 'சாமி' என்று முடியும் பெயர்கள் மேலிருந்து கீழாக இறங்கி வருகின்றன. ஊர் கிடையாது, தகப்பன் பெயர் கிடையாது. எழுத்தின் பள்ளத்தில் விரல் நுனி சரியாகப் பொருந்துகிறது. காலை வெயில் பக்கவாட்டில் விழும்போது படிக்க எளிது. உச்சி வெயிலில் கல் வெளுத்து எழுத்து மங்கிவிடும். அதனால் வயதானவர்களை அழைத்துப் போகிறவர்களிடம் எட்டு மணிக்குள் போகச் சொல்வேன். 'சுதந்திர மனிதர் அனைவருக்காகவும் இவர்கள் உயிர் நீத்தனர்' என்ற வாசகத்தை அங்கே ஆங்கிலம், பர்மியம், இந்தி, உருது, குர்முகியில் செதுக்கியிருக்கிறார்கள். அந்த வரிசையில் தமிழும் இருந்திருக்க வேண்டும் என்பது என் தீராத மனக்குறை.

இரண்டு வருடங்களுக்கு முன்பு எங்களுக்குள் ஒரு பெரிய விவாதம் நடந்தது. எங்கள் குழுவில் மூத்தவரான பெரியவர் ஒருவர், சேரும் பணத்தில் தமிழிலேயே ஒரு கல்வெட்டு வைக்க வேண்டும் என்றார். "அரிசி ஒரு மாதத்தில் தீர்ந்துவிடும் அம்மா. கல் நூறு வருடம் நிற்கும்" என்றார். அவர் கேட்டது நியாயம். அவர் அப்பாவின் பெயர் எந்தத் தூணிலும் இல்லை. "கல்லைப் பார்க்கக்கூட வரமுடியாமல் படுத்துக்கிடப்பவர்களை என்ன செய்வது ஐயா?" என்று நான் கேட்டேன். அன்று முடிவு எட்டவில்லை.

நம் பழைய வழக்கம் எனக்குத் துணைக்கு வந்தது. போரில் விழுந்தவனுக்கு நடுகல் நட்ட அந்தக் காலத்தில், அவன் குடும்பத்துக்கு உதிரப்பட்டி என்று நிலமும் எழுதிக் கொடுத்தார்கள். கல்வெட்டுகளே அதற்குச் சாட்சி. இறந்தவனைக் கும்பிட்டு, அவன் பிள்ளையைப் பட்டினி போடும் ஊர் உருப்படாது என்பது அவர்களுக்குத் தெரிந்திருந்தது. இந்தியாவில் 1949 முதல் டிசம்பர் 7-ஆம் தேதி கொடிநாளன்று உண்டியல் ஏந்துவதும், பிரிட்டனில் 1921 முதல் பாப்பிப் பூ விற்பதும் இதே எண்ணத்தில்தான்: சட்டையில் குத்துவது நினைவுக்கு, உண்டியலில் விழுவது வீட்டுக்கு. பர்மியர்களுக்கும் இதைச் சொல்லித் தரவேண்டியதில்லை. சாலையோரம் வெள்ளிக் கிண்ணத்தைக் குலுக்கித் தானம் கேட்பதும், போகிற வருகிறவருக்கெல்லாம் சதுதிதா என்று சோறு போடுவதும் இந்த மண்ணின் இயல்பு. என் நோட்டில் பர்மியப் பெயர்களும் நிறைய உண்டு.

எந்தச் சீருடை என்று நாங்கள் பார்ப்பதில்லை. இதில் நான் யாருக்கும் விட்டுக்கொடுக்கமாட்டேன். ரங்கூன் தமிழ் வீடுகளில் ஒருவர் பிரிட்டிஷ் இந்தியப் படையிலும் இன்னொருவர் நேதாஜியின் இந்திய தேசிய இராணுவத்திலும் இருந்ததுண்டு. 1944-இல் நேதாஜி தலைமையகத்தை இங்கே மாற்றியபோது நம் பெண்கள் கழுத்திலும் கையிலும் இருந்ததைக் கழற்றிக் கொடுத்தார்கள். அந்தப் படையில் விழுந்தவர்களுக்குத் தௌக்யான் தூணில் இடமில்லை. பெரியவரின் அப்பாவும் அவர்களில் ஒருவர்.

சீருடையே இல்லாமல் செத்தவர்கள் இன்னொரு பக்கம். போர்க்கைதிகளையும் கூலிகளையும் வைத்து ஜப்பானியர் சயாமிலிருந்து பர்மாவுக்குப் போட்ட, மோல்மீனுக்குத் தெற்கே தன்பியூசயாத்தில் முடிகிற மரண ரயில் பாதை 415 கிலோமீட்டர். 1942-இல் தொடங்கி 1943 அக்டோபரில் முடித்தார்கள். தன்பியூசயாத் கல்லறைத் தோட்டத்தில் காமன்வெல்த் வீரர்கள் 3,149 பேருக்கும் டச்சுக்காரர்கள் 621 பேருக்கும் கல்லறைகள் உண்டு. புல்லை வெட்டி, பூச்செடி வைத்துப் பார்த்துக்கொள்கிறார்கள். அதே பாதையில் மலாயாத் தோட்டங்களிலிருந்து கொண்டுவந்த தமிழர்களும், பர்மியர்களும், ஜாவாக்காரர்களும் காலராவிலும் பசியிலும் மாண்டார்கள். அந்தத் தொழிலாளர்களில் இறந்தவர்கள் 90,000 பேர் வரை இருக்கலாம் என்று மதிப்பிடுகிறார்கள். அவர்களுக்குப் பெயர்ப் பலகைகூடக் கிடையாது. அந்தப் பக்கத்துத் தமிழ்க் குடும்பம் ஒன்றும் எங்கள் பட்டியலில் இருக்கிறது. இராணுவக் குடும்பம் இல்லையே என்று ஒருவர் ஆட்சேபித்தார். இராணுவம் துப்பாக்கி முனையில் இழுத்துப்போன ஆளின் குடும்பத்தை வேறு எந்தக் கணக்கில் எழுதுவது?

கொடுக்கிற முறையிலும் எங்களுக்குச் சில கட்டுப்பாடுகள் உண்டு. மேடை கிடையாது, புகைப்படம் கிடையாது. வீட்டுக்கே போய்க் கொடுக்கிறோம். பவ்சான் அரிசி ஒரு மூட்டை, கடலை எண்ணெய் இரண்டு வீசை, பருப்பு, மருந்துக்குத் தனியாக உறையில் பணம். இன்று எஞ்சியிருப்பவர்கள் இறந்த வீரர்களின் பிள்ளைகள், எண்பதைத் தாண்டியவர்கள். பான்சோடான் துறையில் படகேறி அக்கரையில் தாலாவுக்குப் போனால் ஒரு அம்மா இருக்கிறார். தகப்பன் படைக்குப் போனபோது கைக்குழந்தை. பிஸ்கட் டப்பா ஒன்றில் அவர் அம்மா வைத்துவிட்டுப் போன காகிதங்களைப் பத்திரமாக வைத்திருக்கிறார். குடும்ப ஓய்வூதியத்துக்கு எழுதிய மனுக்கள், மேலும் சான்று கேட்டு வந்த பதில்கள், மறுபடி எழுதிய மனுக்கள். மடிப்புகளில் கிழிந்து, சோற்றுப் பசையால் ஒட்டியவை. அம்மா இறந்தபிறகும் ஒரு பதில் வந்திருக்கிறது, அதிலும் ஏதோ ஒரு சான்று கேட்டிருக்கிறார்கள். அதைப் படித்த அன்று எனக்கு இரவெல்லாம் தூக்கமில்லை. அந்த அம்மாவோ, "அப்பா பேர் அதில் எழுதியிருக்கிறது, அதனால் தூக்கிப் போடவில்லை" என்றார்.

பெரியவரும் அன்று எங்களோடு படகில் வந்திருந்தார். திரும்பும்போது அவரே பேச்சை எடுத்தார். முதலில் மூட்டை, மீதியில் கல் என்றார். நானும் ஒப்புக்கொண்டேன். அவர் கேட்ட கல்லும் வேண்டும். அந்த டப்பாவைப் பார்த்தபிறகு அதை மறுக்க எனக்கு மனமில்லை. போன வருடம் மீதியிருந்ததைத் தனியாக எடுத்து வைத்திருக்கிறோம். கல்வெட்டில் முதலில் தமிழ், அடுத்து பர்மியம். சாப்பர்ஸ் தம்பிகள், நேதாஜி படையினர், ரயில் பாதைத் தொழிலாளர்கள் எல்லோரையும் ஒரே கல்லில், அகர வரிசையில் எழுதுவதாக ஏற்பாடு.

அதற்குப் பெயர்கள் வேண்டும். உங்கள் வீட்டுப் பரணில் பழைய இராணுவக் கடிதம், பதக்கம், படை எண் எழுதிய சீட்டு எது இருந்தாலும் எடுத்துப் பாருங்கள். பிரிட்டிஷ் இந்தியப் படையில் இறந்தவரானால் காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையத்தின் இணையப் பட்டியலில் காசு கொடுக்காமல் தேடலாம். ஆங்கிலத்தில் பெயரைப் பல விதமாக எழுதியிருப்பார்கள். படை எண் இருந்தால் சட்டென்று அகப்படும். மற்ற இருவகையினருக்கும் வீட்டுப் பெரியவர்களின் வாய்மொழிதான் ஆதாரம். பெயர், சொந்த ஊர், யார் மகன் என்ற மூன்றையும் கேட்டு எழுதி வையுங்கள். நோட்டு அமாவாசை வரை கடை மேசையில்தான் இருக்கும். பின்பக்கத்தில் பெயர்களுக்கென்று தனியாகப் பக்கங்கள் விட்டிருக்கிறேன்.