டேடோனாவில் ஏது கிழமை?

தங்கைக்கு வரன் முடிந்ததும் வீட்டில் கிளம்பிய முதல் சண்டை மண்டபத்துக்காகவோ பந்திக்காகவோ இல்லை. மாப்பிள்ளைக்குப் போடும் வாட்ச்சுக்காக. எங்கள் பக்கம் நிச்சயதார்த்தத் தட்டில் மோதிரம், செயினோடு ஒரு வாட்ச்சும் இருக்க வேண்டும். அம்மா மனசுக்குள் 12,000 ரூபாய் என்று ஒரு கணக்கு வைத்திருந்தாள். சித்தப்பா செல்போனை நீட்டினார். வாட்ஸப்பில் யாரோ அனுப்பிய படம். ரோலக்ஸ், பாதித் தங்கம் பாதி வெள்ளியாக மின்னியது. விலை 5,500. பெட்டி வேண்டுமென்றால் தனியாக 500.

"ஃபர்ஸ்ட் காப்பிடா. மேடையில நிக்கிறப்ப எவன் கிட்ட வந்து பார்க்கப் போறான்? மிச்சக் காசுல குத்துவிளக்கு ஒரு சைஸ் பெரிசா வாங்கிடலாம்."

அம்மா என் முகத்தைப் பார்த்தாள். நான் வாயைத் திறக்கவில்லை. அதே ஜாதியைச் சேர்ந்த போலி வாட்ச் ஒன்று என் பீரோவில், பழைய சாக்ஸுக்கு அடியில் ஓடாமல் கிடக்கிறது. அந்தக் கதை வீட்டில் யாருக்கும் தெரியாது. இங்கே எழுதிவிடுகிறேன். சித்தப்பா வலைப்பதிவெல்லாம் படிக்கமாட்டார்.

நான் மருந்து கம்பெனி ரெப். திருச்சியில் வீடு, தஞ்சாவூர், கும்பகோணம் வரை ரூட். ரெப் வேலையில் ஷூவும் டையும் பையும் கம்பெனி சொன்னபடி. கையில் கட்டுவது மட்டும்தான் நம் இஷ்டம். 2017 அக்டோபரில் நியூயார்க்கில் நடந்த ஒரு ஏலத்தில், நடிகர் பால் நியூமன் கட்டியிருந்த ரோலக்ஸ் டேடோனா 1 கோடியே 77 லட்சம் டாலருக்குப் போனது. நம் காசில் நூறு கோடிக்கு மேல். அந்தச் செய்தியைப் படித்த ராத்திரி தூக்கம் வரவில்லை. மூன்று குட்டி வட்டங்கள், பக்கவாட்டில் இரண்டு பித்தான், சுற்றிலும் எண் பொறித்த வளையம். அடுத்த மாதமே இன்ஸ்டாகிராமில் ஒருவரிடம் 4,500 ரூபாய்க்கு ஒன்று வாங்கினேன். 'செவன் ஏ குவாலிட்டி, ஆட்டோமேட்டிக் மெஷின்' என்றார். செவன் ஏ என்றால் என்ன என்று கேட்கத் தோன்றவில்லை. ஏழு ஏ இருக்கிறது, போதாதா?

நல்ல கனமாக இருந்தது. அதை ஒத்துக்கொள்ள வேண்டும். முதல் வாரம் பஸ்ஸில் கம்பியைப் பிடிக்கும்போதெல்லாம் இடது கையால்தான் பிடித்தேன்.

சுற்றியிருக்கும் அந்த வளையம் வேகம் கணக்கிடுவதற்கு. கார் பந்தயக்காரர்களுக்காகச் செய்தது. அமெரிக்காவில் டேடோனா என்ற ஊரில் இருக்கும் பந்தயத் தடத்தின் பெயர்தான் வாட்ச்சுக்கும். ஒரு கிலோமீட்டர் கல்லில் மேல் பித்தானை அழுத்தி, அடுத்த கல்லில் மறுபடி அழுத்தி நிறுத்தினால், விநாடி முள் நிற்கும் இடத்தில் இருக்கும் எண்தான் நம் வேகம். 36 விநாடி ஆனால் மணிக்கு 100 கிலோமீட்டர். இதை யூட்யூபில் பார்த்துக் கற்றுக்கொண்டு, தஞ்சாவூர் பஸ்ஸில் ஜன்னல் சீட்டாகப் பிடித்து உட்கார்ந்தேன். துவாக்குடி தாண்டி ஒரு கல் வந்தது. அழுத்தினேன்.

விநாடி முள் பாட்டுக்குப் போய்க்கொண்டிருந்தது. இடது பக்கக் குட்டி வட்டத்தில் மட்டும் முள் 'டக்' என்று செவ்வாயிலிருந்து புதனுக்கு நகர்ந்தது. கீழ்ப் பித்தானை அழுத்திப் பார்த்தேன். தேதி 14 போய் 15 ஆனது. சரியாக அழுத்தவில்லையோ என்று மறுபடி மறுபடி அழுத்தினேன். பஸ் வல்லம் தாண்டுவதற்குள் ஒரு வாரத்தைக் கடத்திவிட்டேன்.

அப்போதும் உறைக்கவில்லை. இது வேறு மாடல் போலிருக்கிறது என்று என்னையே சமாதானப்படுத்திக்கொண்டேன். உறைத்தது தஞ்சாவூரில், ஒரு எலும்பு டாக்டரின் அறையில். ராத்திரி ஒன்பதரை, கடைசி நோயாளியும் போயாகிவிட்டது. நான் விஷுவல் எய்டை, அதாவது மருந்தைப் பற்றிய படப் புத்தகத்தை, விரித்து எங்கள் கால்சியம் மாத்திரை மற்றதைவிட ஏன் தரமானது என்று ஒப்பித்துக்கொண்டிருக்கிறேன். அவர் பார்வை புத்தகத்தில் இல்லை, என் மணிக்கட்டில்.

"கழட்டிக் குடுங்க, பார்ப்போம்."

கொடுத்தேன். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு கிட்டத்தில் வைத்துப் பார்த்தார்.

"டேடோனாவுல ஏதுப்பா கிழமை?"

அவ்வளவுதான். சிரித்துக்கொண்டே திருப்பிக் கொடுத்துவிட்டார். அந்த மாத்திரையை அப்புறமும் எழுதிக்கொண்டுதான் இருந்தார், நல்ல மனிதர். எனக்குத்தான் மறுநாளிலிருந்து முழுக்கைச் சட்டை தேவைப்பட்டது. யாராவது மணி கேட்டால் செல்போனை எடுத்துப் பார்த்துச் சொன்னேன். கையில் வாட்ச்!

நிஜ டேடோனா 1963-இல் வந்தது. அதில் கிழமை மட்டுமில்லை, தேதியும் கிடையாது. மூன்று வட்டங்களில் ஒன்று ஓடும் விநாடிக்கு. மற்ற இரண்டும் பித்தானை அழுத்தியதிலிருந்து ஆன நிமிடத்துக்கும் மணிக்கும். நடு முள் பித்தானை அழுத்தினால்தான் கிளம்பும். அப்படி ஓடி நிற்கிற மெஷினைச் செய்வது மெனக்கெட்ட வேலை. 4,500 ரூபாய்க்கு விற்பவனுக்கு முகப்பில் மூன்று வட்டம் இருந்து, அதில் மூன்று முள் அசைந்தால் போதும். அதனால் காலண்டர் மெஷின் ஒன்றை உள்ளே வைத்து மூடிவிடுகிறான். வாட்ச் தெரியாதவனுக்கு ரோலக்ஸ் என்ற பெயர் மட்டும் போதும், டேடோனாவா வேறா என்றுகூடப் பார்க்கமாட்டான். தெரிந்தவன் இரண்டு விநாடியில் கண்டுபிடித்துவிடுவான். அப்புறம் நான் யாருக்காக அதைக் கட்டிக்கொண்டு திரிந்தேன் என்பது இன்றைக்கும் புரியவில்லை.

ஏழாம் மாதம் நின்றுபோனது. தெப்பக்குளம் பக்கம் ஒரு சந்தில், ஆள் உட்கார்ந்தால் நிரம்பிவிடும் அளவுக்கு ஒரு வாட்ச் ரிப்பேர் கடை. பாய் அங்கே நாற்பது வருஷமாக உட்கார்ந்திருக்கிறார். பின்மூடியைத் திறந்து, கண்ணில் லென்ஸை இடுக்கிக்கொண்டு பார்த்தார். பிறகு லென்ஸை என்னிடம் கொடுத்து, "நீயே பாரு தம்பி" என்றார். அந்தப் பெரிய உடம்புக்குள் மெஷின் சின்னதாக இருந்தது. ஆடாமல் இருக்கச் சுற்றிலும் வெள்ளை பிளாஸ்டிக் வளையம். மேலே சுற்றும் தகட்டில் அச்சடித்த ரோலக்ஸ் கிரீடச் சின்னம், அது உரசி உரசிப் பாதி அழிந்து, உதிர்ந்த துகள் பற்சக்கரத்தின் இடுக்கில் பொடியாகக் கிடந்தது.

"இதுக்குப் பார்ட்ஸ் கேட்டு நான் எங்க போவேன்? மொத்த மெஷினையும் தூக்கிட்டு வேற போடலாம், 800 ரூபா ஆகும். எத்தனை நாள் ஓடும்னு மட்டும் என்னைக் கேக்காத."

பேசிக்கொண்டே கீழ் டிராயரை இழுத்தார். உள்ளே முழுக்க எச்எம்டி. ஜனதா, பைலட், பெயர் அழிந்துபோனவை. ஓடாத பத்தைக் கழற்றித்தான் ஓடுகிற ஐம்பதைக் காப்பாற்றுகிறாராம். எச்எம்டி 1961-இல் ஜப்பானின் சிட்டிசன் கம்பெனியிடம் தொழில் கற்றுக்கொண்டு பெங்களூரில் வாட்ச் செய்ய ஆரம்பித்தது. அந்த வாட்ச் கம்பெனியை மூட 2016-இல் மத்திய அரசு ஒப்புதல் கொடுத்துவிட்டது. கம்பெனி போனாலும் அந்த வாட்ச்சைத் திறந்து மூடத் தெரிந்த ஆள் ஊருக்கு ஒருவர் இருக்கிறார். என்னுடையதைச் செய்தவன் எந்த ஊரில் இருக்கிறான் என்றுகூட எனக்குத் தெரியாது.

ஃபர்ஸ்ட் காப்பி எல்லாமே இவ்வளவு மட்டமா என்றால், இல்லை. அரை லட்சம் ரூபாய் கேட்கும் காப்பிகளும் இருக்கின்றன. அவற்றில் வட்டங்கள் நிஜமாகவே வேலை செய்யும், கிழமை இருக்காது, அந்த டாக்டரே தடுமாறக்கூடும். ஆனால் அரை லட்சம் இருந்தால் 1853-இல் தொடங்கிய டிஸ்ஸோவின் சுவிஸ் வாட்ச் ஒன்றை பில்லோடு வாங்கிவிடலாமே? காப்பிக்கு பில் எங்கே? நிஜ டேடோனா பத்து லட்சத்துக்கு மேல், அதுவும் பெயர் கொடுத்துவிட்டுக் காத்திருக்க வேண்டும். அது எனக்கு எந்தக் காலத்திலும் வராது என்று ஒத்துக்கொள்ள எனக்கு ஒரு வருஷம் ஆனது. விற்பவனுக்கோ இன்னும் சிக்கல்: 1999-ஆம் வருஷத்து வணிகச் சின்னச் சட்டப்படி ஆறு மாதத்திலிருந்து மூன்று வருஷம் வரை சிறை. இன்ஸ்டாகிராம்காரர் இன்னும் ஸ்டேட்டஸ் போட்டுக்கொண்டுதான் இருக்கிறார்.

பாய் கடையிலிருந்து நேராகப் போய் கேசியோ எஃப்-91டபிள்யூ வாங்கினேன். 1989-லிருந்து அதே முகம், பிளாஸ்டிக் உடம்பு, இரண்டாயிரம்கூட இல்லை. ஒரு செல் ஏழு வருஷம் தாங்கும் என்கிறார்கள். வேடிக்கை என்னவென்றால் இதற்கும் டூப்ளிகேட் உண்டு. வலது பித்தானை மூன்று விநாடி அழுத்திப் பிடித்தால் திரையில் கேசியோ என்று எழுத்து வரும். அதையும் சில டூப்ளிகேட்டில் காப்பியடித்துவிட்டார்கள் என்று கேள்வி. ஆன்லைனில் விற்கும் பழைய எச்எம்டியிலும் பாதி, புதிதாகப் பெயின்ட் அடித்த முகப்போடு வருகிறது. ஆரஞ்சு, பச்சை, கிளிப்பச்சை. எச்எம்டி காலத்தில் யார் கிளிப்பச்சையில் வாட்ச் கட்டினார்கள்? விலை குறைவு என்பதாலேயே ஒரிஜினலாக இருக்கும் என்று நம்பிவிடக் கூடாது.

அந்த கேசியோவோடு அதே டாக்டரிடம் போனேன். பார்த்தார். "ஸ்டாப்வாட்ச் ஓடுதா?" என்றார். ஓட்டிக் காட்டினேன்.

சரி, மாப்பிள்ளை வாட்ச். மாப்பிள்ளைக்கு ஓசூரில் வேலை, வண்டி உதிரிபாகம் செய்யும் கம்பெனியில். போனில் கேட்டதற்கு, "மெஷின் பக்கத்துல வாட்ச் கட்ட விடமாட்டாங்க மச்சான், எதுக்கு வீண் செலவு?" என்றார். அம்மா அதைக் காதில் வாங்கவே இல்லை. தங்கை மட்டும், "எது வேணா வாங்குங்க, பில்லோட வாங்குங்க" என்றாள். சித்தப்பாவுக்கு நான் சொன்ன காரணம் வேறு: அவர் கையால் வாங்கிக் கொடுத்த வாட்ச் ஆறு மாதத்தில் நின்றால், ஓசூரிலிருந்து போன் அவருக்குத்தான் வரும். உடனே குத்துவிளக்குப் பேச்சு நின்றுபோனது.

என்எஸ்பி ரோட்டில் ஒரு கடைக்கு அம்மாவைக் கூட்டிப்போனேன். எனக்குப் பிடித்தது நீல முகப்பில் ஒரு சீக்கோ 5. அம்மா, "நல்ல காரியத்துக்கு நீலமா, கறுப்பா? இருட்டுல ரெண்டும் ஒண்ணுதான்" என்று தள்ளிவிட்டாள். தோல் ஸ்ட்ராப்பும் கூடாது. மஞ்சளாக இருக்க வேண்டும், வெள்ளை முகப்பாக இருக்க வேண்டும். டைட்டனில் நான்கு, சிட்டிசனில் மூன்று என்று கண்ணாடி மேல் பரப்பினார்கள். தங்க நிறப் பூச்சில் ஒரு சிட்டிசன் ஈகோ-டிரைவ் அம்மாவுக்குப் பிடித்துவிட்டது. முகப்பு வழியாக இறங்கும் வெளிச்சத்தில் தானே சார்ஜ் ஏற்றிக்கொள்ளும், செல் மாற்றும் வேலை இல்லை. 14,000 சொச்சம். பாய் டிராயரில் இருந்த எச்எம்டிகளுக்குத் தொழில் சொல்லிக்கொடுத்த அதே சிட்டிசன் என்று நினைத்தபோது எனக்கும் ஒரு திருப்தி. அம்மாவுக்கு ஒரே குறை: "இதுல ஒரு குந்துமணி தங்கமாவது இருக்கா?" இல்லை. வாரன்டி கார்டில் கடை முத்திரை விழும்வரை நகராமல் நின்றேன்.

நிச்சயதார்த்தத்தில் யாரும் கிட்ட வந்து பார்க்கவில்லை. அந்த விஷயத்தில் சித்தப்பா சொன்னது சரிதான்.

கல்யாணம் முடிந்து எட்டு மாதம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை தங்கை கூப்பிட்டாள். குரலிலேயே கோபம்.

"அண்ணா, அந்த வாட்ச் ஒரிஜினல்தானே? விநாடி முள்ளு ஒழுங்கா போகல. ரெண்டு ரெண்டு விநாடியா தாவுது. டூப்ளிகேட்டைத் தலையில கட்டிட்டானா?"

"எங்க வெச்சிருந்த?"

"பீரோலதான். பெட்டியோட, லாக்கருக்குள்ள. இன்னைக்கு ஒரு விசேஷத்துக்குக் கட்டலாம்னு எடுத்தா..."

சார்ஜ் தீரப்போகிறது என்றால் அது அப்படித்தான் இரண்டிரண்டாகத் தாவிக் காட்டும். இருட்டில் ஆறு மாதம் ஓடும் என்று கடைக்காரர் சொன்னார்; இது எட்டு மாதமாக லாக்கரில் மூச்சைப் பிடித்துக்கொண்டு ஓடியிருக்கிறது. நடுவில் எப்போதாவது எடுத்துப் பார்த்திருப்பாள். ஜன்னல் ஓரமாக வெளிச்சத்தில் வை என்றேன். நம்பாமல்தான் போனை வைத்தாள்.

சாயங்காலம் ஒரு வீடியோ வந்தது. ஓசூர் வீட்டு மொட்டை மாடி, முறத்தில் காயும் வடாம், அதன் ஓரத்தில் முகப்பு மேலாக அந்த வாட்ச். விநாடி முள் ஒவ்வொன்றாக நடந்துகொண்டிருந்தது. பின்னால் மாப்பிள்ளையின் குரல்: "காக்கா தூக்கிட்டுப் போயிடும், யாராவது ஒருத்தர் காவலுக்கு உக்காருங்க."